கதையே இல்லாத சோதனைப் படங்களில் ரசிகர்களும் சேகரிப்பாளர்களும் அப்படி எதைத்தான் காண்கிறார்கள்?

யாரோ ஒரு நண்பர் உங்களைத் திரைப்பட விழாவுக்கு இழுத்துப்போய்ச் சோதித்திருக்கிறார் என்பது கேள்வியின் தொனியிலேயே தெரிகிறது. பார்ப்பவர்கள் பாசாங்குக்காரர்கள், காசு கொடுத்துச் சேர்ப்பவர்கள் பைத்தியக்காரர்கள் என்பதுதானே கேட்க வந்தது? நான் இரண்டு கட்சியிலும் இருப்பவன். பேசாமல் போக மனம் வரவில்லை.

எனக்குப் பித்துப் பிடித்தது அமெரிக்கச் சோதனைப் பட இயக்குநர் ஸ்டான் பிராக்கேஜின் 'மாத்லைட்' படத்தால். 1963-இல் வந்த அந்தப் படத்துக்குக் கேமராவே கிடையாது. கையில் காசில்லாத காலம். விளக்கடியில் செத்துக் கிடந்த விட்டில்களின் சிறகுகளையும் பூவிதழ்களையும் புல்லையும் பொறுக்கி, 16 மி.மீ. ஒட்டுநாடாக்கள் இரண்டுக்கு நடுவே வைத்து ஒட்டினார். அதை லேபில் கொடுத்துப் பிரதி எடுத்ததுதான் படம். சில நிமிடங்களே ஓடும், ஒலி இல்லை.

நியூயார்க்கில் வேலை பார்த்தபோது, ஒரு சிறு காட்சி முடிந்ததும், புரொஜெக்டர் ஓட்டியவர் அந்தச் சுருளில் ஒரு முழத்தை விளக்குப் பெட்டியின் மேல் விரித்துக் காட்டினார். உருப்பெருக்கி வைத்துப் பார்த்தேன். ஒரே சிறகு பல கட்டங்களை (ஃபிரேம்களை) தாண்டி நீண்டு கிடந்தது; நரம்புகள்கூடத் தெரிந்தன. சற்றுமுன் திரையில் இதேதான் கட்டம் கட்டமாக வெட்டுப்பட்டுப் படபடத்தது. கதைப் படத்தில் நம் கண் கதாநாயகன் பின்னால் ஓடிவிடுகிறது. ஃபிலிம் என்ற பொருளை யார் பார்க்கிறார்கள்? சேகரிப்பவனுக்கு அந்தப் பொருள்தான் வேண்டும். பிராக்கேஜின் 26 படங்கள் 2003-இலேயே டிவிடியாக வந்தன, என்னிடமும் இருக்கிறது. ஆனால் வட்டை வெளிச்சத்தில் பிடித்தால் என் முகம்தான் தெரிகிறது. ஆஸ்திரியச் சோதனைப் பட இயக்குநர் பீட்டர் குபெல்கா தன் படச்சுருளைச் சுவரில் வரிவரியாக மாட்டியே காட்சிக்கு வைத்தார்.

"பெரிய அறிவாளி" என்று எழுத வருகிறவர்களுக்கு: நானும் முதல் நாள் முதல் காட்சியில் காகிதம் கிழித்துப் போட்டவன்தான். எம்பயர் ஸ்டேட் கட்டடத்தையே எட்டு மணி நேரத்துக்குமேல் காட்டும், அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோலின் 'எம்பயர்' படத்தை நான் முழுதாகப் பார்த்ததில்லை, பார்க்கப்போவதும் இல்லை. வாங்கியதை விற்று லாபம் பார்த்ததும் இல்லை.

   

நீங்கள் 'மாத்லைட்'டில் தொடங்குங்கள். செல்பேசியில் வேண்டாம், இருட்டறை, பெரிய திரை. பிடிக்காவிட்டால் நண்பரைத் திட்டுங்கள், என்னை விட்டுவிடுங்கள்.