காற்றே இல்லாத நாளில் கன்னியாகுமரிக் கடல் ஏன் திடீரென்று பொங்குகிறது? அதை முன்கூட்டியே எப்படிச் சொல்கிறார்கள்?

இதற்குப் பெயர் கள்ளக்கடல். உள்ளூர்க் காற்று எழுப்பும் அலை அல்ல இது. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசிய புயல் கிளப்பிவிட்ட நீண்ட அலை.

புயலில் எல்லா அளவு அலைகளும் பிறக்கின்றன. குட்டை அலைகள் வழியிலேயே அடங்கிவிடும். அடுத்தடுத்த முகடுகளுக்கு இடையே 18 வினாடி இருக்கும் நீண்ட அலைக்கூட்டமோ மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில் நாலைந்து நாள் பயணம் செய்து நம் கரைக்கு வந்துசேரும். தூரத்து நிலையத்தில் ரயில் கிளம்பிய நேரமும் வேகமும் தெரிந்தால், தண்டவாளம் வெறிச்சோடிக் கிடந்தாலும் அது வரும் நேரத்தைச் சொல்லிவிடலாம் அல்லவா? ஐதராபாத்திலுள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் அப்படித்தான் கணித்து எச்சரிக்கிறது. தயவுசெய்து அதை மதியுங்கள். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் மூழ்கி இறந்ததும் இத்தகைய எச்சரிக்கை நடப்பில் இருந்தபோதுதான்.

அலை உயரம் ஒரு மீட்டர்தானே, பயமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு: அதே ஒரு மீட்டர், 6 வினாடி அலையென்றால் கரையில் சலசலத்து அடங்கும், 18 வினாடி அலையென்றால் ஆழம் குறையக் குறைய உயர்ந்தெழுந்து, மணற்பரப்பில் வெகுதூரம் ஏறி, திரும்பும்போது ஆளையே இழுத்துச் செல்லும்.