மோழை ஆடும் பருவமும்

கேள்வி: ஐயா, சிங்கப்பூர் லிம் சூ காங்கில் பால் ஆட்டுப் பண்ணையில் வேலை பார்க்கிறேன். எல்லாம் சானன் இனம். ஒரு பெட்டைக்குப் பதினொரு மாசம் ஆகிறது, இன்னும் பருவத்துக்கு வரவில்லை. மற்ற ஆடுகள் மேல் தாவுகிறது, கிடாய் வாடை அடிக்கிறது. பிறப்புறுப்பின் கீழ்நுனியில் பட்டாணி அளவு சதை துருத்தி நிற்கிறது. கூடப் பிறந்தது கிடாய்க்குட்டி, அதனாலா? இன்னொன்று கேட்கத் தயக்கமாக இருக்கிறது. ஈசூனில் இருக்கும் என் அக்காவுக்குப் போன வாரம் குழந்தை பிறந்தது. ஆணா பெண்ணா என்று சோதனைக்குப் பிறகுதான் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர். "நீ ஆட்டுக் கொட்டகையிலிருந்து வந்து அவளைத் தொட்டதுதான்" என்று அம்மா என்னைத் திட்டுகிறார். இரண்டும் ஒன்றா?

பதில்: தம்பி, ஆடு காத்திருக்கும், குழந்தையை முதலில் பார்ப்போம். நான் மாட்டு டாக்டர், குழந்தை டாக்டர் இல்லை. ஆனாலும் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: நீங்கள் தொட்டதால் எதுவும் ஆகவில்லை. கருவில் முதல் ஆறு வாரம் எல்லாக் குழந்தைக்கும் ஒரே அமைப்புதான். அதன் பிறகுதான் விதையா, சினைப்பையா என்று பிரிகிறது. அந்த வழியில் எங்காவது ஒரு மரபணுவோ ஹார்மோனோ மாறினால், ஆண் பெண் என்று சட்டென்று சொல்ல முடியாத உடலோடு குழந்தை பிறக்கலாம். இதைத்தான் இன்டர்செக்ஸ், தமிழில் ஊடுபால் என்கிறோம்.

சோதனையை மட்டும் தள்ளிப்போட விடாதீர்கள். இதற்குக் காரணமானவற்றில் ஒன்று, சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பியின் கோளாறு. கருப்பையும் சினைப்பையும் உள்ளே சரியாக இருக்கும், ஆண் ஹார்மோன் மிகுந்துபோனதால் வெளித்தோற்றம் மட்டும் மாறியிருக்கும். அதில் ஒரு வகையில் உடம்பிலிருந்து உப்பு வெளியேறி, பிறந்த சில வாரங்களிலேயே உயிருக்கு ஆபத்தாகும். பிள்ளை பால் குடிக்காமல் வாந்தி எடுத்துத் துவண்டு கிடந்தால், அந்த நிமிஷமே அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடச் சொல்லுங்கள். மருந்து இருக்கிறது, பிழைத்து நன்றாக வளரும். அவசரம் அதில்தான். "பார்க்க ஒழுங்காக" இருக்க வேண்டும் என்பதற்காக அறுவை செய்வதில் அவசரம் காட்ட வேண்டாம். உயிருக்கு ஆபத்து என்றால் தவிர, பச்சைக் குழந்தைகளுக்கு அப்படிச் செய்வதை 2019இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளையின் தீர்ப்பைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு தடைசெய்தது.

இப்போது ஆட்டுக்கு வருவோம். இரட்டைப் பிறப்பின் மேல் உங்களுக்குச் சந்தேகம் வந்தது நியாயம்தான். பசுவில் காளைக்கன்றோடு பிறந்த கிடாரி பத்துக்கு ஒன்பது மலடாகும், இரண்டின் நஞ்சுக்கொடி ரத்தமும் கலப்பதால். ஆட்டில் அந்தக் கலப்பு அபூர்வம். இரட்டைக் குட்டிதான் காரணம் என்றால் உங்கள் பண்ணையில் பால் கறக்க ஆடே மிஞ்சாது!

எனக்குச் சந்தேகம் கொம்பின் மேல். உங்கள் பெட்டை பிறவியிலேயே கொம்பில்லாத மோழையா, கொம்புக் குருத்தைச் சுட்டதா? சானன் ஆட்டில் கொம்பில்லாமை தரும் மரபணு மாற்றம் ஒற்றையாக வந்தால் வெறும் மோழை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்து குட்டி பெட்டையாகவும் இருந்துவிட்டால், சினைப்பை விதை மாதிரி மாறிவிடுகிறது. தாவுவது, வாடை, அந்தப் பட்டாணிச் சதை எல்லாம் அதன் விளைவுதான். ஒற்றை மரபணு கொண்ட மோழைகள் இரண்டைச் சேர்த்தால், சராசரியாக எட்டுக் குட்டியில் ஒன்று இப்படிப் பிறக்கும். பெற்றோரில் ஒன்று பிறவியில் கொம்புள்ளதாக இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

சிக்கல் எங்கே என்றால், பண்ணையில் எல்லாக் குட்டிக்கும் கொம்பைச் சுட்டுவிடுகிறோம். ஒரு வருஷம் கழித்து எது பிறவி மோழை, எது சுட்டது என்று யாருக்கும் தெரியாது. அதனால் சூட்டுக்கோல் எடுப்பதற்கு முன் குட்டியின் நெற்றியை விரலால் தடவிப் பாருங்கள். கொம்பு வரப்போகும் குட்டிக்கு இரண்டு பக்கமும் மயிர்ச்சுழி இருக்கும், அந்த இடத்துத் தோல் எலும்போடு ஒட்டி நிற்கும். மோழைக்கு அங்கே சுழி இருக்காது, தோல் நழுவும். காது எண்ணுக்குப் பக்கத்தில் "சுழி உண்டு, இல்லை" என்று எழுதி வையுங்கள். அடுத்த கிடாயைச் சுழி உள்ளதாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

உங்கள் பெட்டை சினை பிடிக்காது. ஹார்மோன் ஊசி போட்டுக் காசைக் கரைக்க வேண்டாம். கழிக்கவும் அவசரப்பட வேண்டாம். மந்தையில் விட்டால் எந்த ஆடு பருவத்தில் நிற்கிறது என்று காட்டிக்கொடுக்கும், சினைப்படுத்திவிடும் பயமும் இல்லை. வாடை பாலில் ஏறாமல் இருக்க, கறவை நேரத்தில் மட்டும் தள்ளிக் கட்டுங்கள்.

இரண்டும் ஒன்றா என்றால், இல்லை. ஆட்டில் அந்த மாற்றம் முடக்கும் மரபணுக்களில் ஒன்றான ஃபாக்ஸ்எல்2 நம்மிடமும் இருக்கிறது. அது மனிதரில் பழுதானால் இமைகள் குறுகும், சில பெண்களுக்கு மாதவிடாய் சீக்கிரமே நின்றுபோகும், அவ்வளவுதான். கொட்டகையிலிருந்து அது யாருக்கும் ஒட்டாது. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். ஆனால் அக்கா வீட்டுக்குப் போகும்போது குளித்து, சட்டை மாற்றி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் போங்கள். எந்தக் கைக்குழந்தையைத் தூக்குவதானாலும் ஆட்டுக்காரன் செய்ய வேண்டியது அது.