வட்டிக்கா வுட்டேன்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

ஊரடங்கைப் பற்றிய உங்கள் குறிப்பு ஒன்றில், ‘அந்த நாட்களில் பசித்தவர்களை எல்லோரும் பார்த்தோம், கூச்சப்பட்டவர்களை யாரும் பார்க்கவில்லை’ என்று எழுதியிருந்தீர்கள். அப்படிக் கூச்சப்பட்டவர்களில் நானும் ஒருவன்.

மாமல்லபுரத்தில் இருபது ஆண்டுகளாகச் சுற்றுலா வழிகாட்டியாக இருக்கிறேன். உரிமம் உண்டு. பிரெஞ்சு பேசுவேன், புதுச்சேரியில் படித்தது. 2019 அக்டோபரில் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் எங்கள் ஊருக்கு வந்து போனார்கள். அதன்பிறகு கூட்டமான கூட்டம். இனி சீனாக்காரர்களும் வருவார்கள் என்று நம்பி, கடன் போட்டு ஒரு பழைய இன்னோவா வாங்கினேன். பேராசைதான். ஐந்தே மாதம். 2020 மார்ச் 17 அன்று தொல்லியல் துறை எல்லாவற்றையும் மூடியது. அதற்கு மூன்று நாள் முன்பு வந்த பிரெஞ்சுக் குழுதான் கடைசி. கை கொடுக்காமல் கும்பிடு போட்டு விடைபெற்றார்கள். எல்லோருக்கும் சிரிப்பு.

ஒரு பயண நிறுவனம் தரவேண்டிய மூன்று மாதப் பாக்கி வரவேயில்லை. ரேஷன் கடையில் 1000 ரூபாயும் அரிசியும் கொடுத்தார்கள். வரிசையில் நின்று வாங்கினேன். முகக்கவசம் போட்டிருந்தது நல்லதாகப் போயிற்று.

பின்தெருவில் மீன் விற்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். ஏப்ரலில் சின்னப் படகுகள் மறுபடி கடலுக்குப் போக ஆரம்பித்ததும், ஒருநாள் காலையில் எங்கள் வாசலில் ஒரு தட்டு, அதன்மேல் கவிழ்த்த இன்னொரு தட்டு. உள்ளே காரப்பொடி மீன். “வித்தது போக மீந்தது தம்பி, தூக்கிப் போட மனசு வர்ல” என்றார். மீந்த மீன் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா சார்? செவுள் ரத்தச் சிவப்பாக இருந்தது. வாரத்துக்கு இரண்டு நாள், மூன்று நாள் என்று ஒன்றரை வருடம் அந்தத் தட்டு வந்தது. அவருடைய பேத்தி அப்போது ஏழாவது. என் போனில்தான் அவளுக்கு வகுப்பு நடக்கும் என்பதால் தினமும் எங்கள் திண்ணைக்கு வருவாள். காலித் தட்டை அவளிடம்தான் கொடுத்தனுப்புவோம்.

என்னை உறுத்துவது வேறு ஒன்று. குழுக்களை விடியற்காலையில் மீன் ஏலம் நடக்கும் கரைக்குக் கூட்டிப்போய், இதே அக்காவைப் படம் எடுக்கச் சொன்னவன் நான். ‘அசல் மீனவப் பெண்’ என்று அறிமுகப்படுத்துவேன். பெயர் சொன்னதில்லை. அவருக்கு ஒரு ரூபாய் வாங்கிக் கொடுத்ததும் இல்லை.

2023இல் தொழில் நிமிர்ந்தது. கணக்குப் போட்டு 15,000 ரூபாயை உறையிலிட்டு, வெற்றிலை பாக்கு பழத்தோடு தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். அக்கா உறையைத் தொடவில்லை. “நான் இன்னா உனக்கு வட்டிக்கா வுட்டேன்?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. அந்தத் தெரு வழியாகப் போவதையே நிறுத்திவிட்டேன்.

நான் செய்தது தப்பா சார்? வேறு எப்படி நன்றி சொல்வது?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் எழுதியிருந்த பெயர்களையும் தெருவையும் எடுத்துவிட்டேன். உங்களுடையது சின்ன ஊர், எடுத்தும் பயனில்லாமல் போகலாம்.

முதலில் அந்த இன்னோவா. அதைப் பேராசை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது தொழில் கணக்காகத்தான் படுகிறது. 2019இல் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 1 கோடியே 9 லட்சம் பேர். வெளிநாட்டினர் வருகையில் தமிழ்நாடுதான் அப்போது முதலிடம். அந்த வருடம் வண்டி வாங்காதவர்தான் அசடு. அடுத்த வருடம் இந்தியாவுக்கு வந்தவர்கள் 27 லட்சம்தான், அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில் வந்து சேர்ந்தவர்கள். 2021இல் 15 லட்சம். வழக்கமான பன்னாட்டு விமானங்கள் மறுபடி பறந்ததே 2022 மார்ச் 27இல்தான். இடையில் ஊர் திறந்தபோது வந்தவர்கள் சென்னைக்காரர்கள். அவர்களுக்குச் செல்ஃபிக்கு நல்ல வெளிச்சம் இருந்தால் போதும், வழிகாட்டி எதற்கு? விடுதிச் சமையல்காரர் வீட்டிலேயே பிரியாணி போட்டு விற்கலாம், ஓட்டுநர் காய்கறி ஏற்றலாம். வழிகாட்டிக்குச் சரக்கு நாக்கில் இருக்கிறது. பிரெஞ்சை எந்தத் தள்ளுவண்டியில் வைத்து விற்பது?

அரசும் வந்தது. 2021 ஜூன் 28 அன்று, அங்கீகாரம் பெற்ற வழிகாட்டிகளுக்குப் பிணையில்லாமல் 1 லட்சம் ரூபாய் வரை கடன் என்று மத்திய நிதியமைச்சர் அறிவித்தார். மூடிப் பதினைந்து மாதம் கழித்து, அதுவும் கடன்! வண்டிக்கடனுக்குத் தவணை கட்ட முடியாமல் இருந்தவருக்கு இன்னொரு கடன். உரிமம் இருந்ததால் உங்களுக்கு அதையாவது காட்டினார்கள். கடற்கரையில் குதிரை வைத்திருந்தவரும் சங்குமாலை விற்றவரும் அந்த அறிவிப்பில் இல்லை.

சரி, உங்கள் கேள்வி. தப்புதான்.

நான் மதுரைப் பக்கத்துக்காரன். அம்மா மொய் நோட்டை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருப்பாள். 501 வந்த வீட்டுக்கு ஒருநாளும் 501 திருப்பிச் செய்யமாட்டாள், கூட நூறாவது சேர்த்து வைப்பாள். கையில் காசில்லாத வருடத்தில்கூட. ஏன் என்று கேட்டதற்கு, “சரிக்குச் சரி வச்சா முறிச்சுக்கிட்டதா அர்த்தம்டா” என்றாள். நீங்கள் ஒன்றரை வருட மீனை எண்ணிக் கூட்டி 15,000 வைத்திருக்கிறீர்கள். கிலோ என்ன விலைக்குப் போட்டீர்கள்? கரை விலையா, மார்க்கெட் விலையா? அக்காவின் கேள்வியில் இருந்த கோபம் அதுதான் என்று நினைக்கிறேன். மூன்று வருடம் கழித்துக் கணக்கு முடிக்க வந்திருக்கிறான் என்று அவருக்குத் தோன்றியிருக்கும். வெற்றிலை பாக்கு வேறு.

நான் அந்த நாட்களில் கொடுத்த பக்கம் இருந்தவன். எங்கள் குடியிருப்பில் பணம் திரட்டி ஐந்து குடும்பங்களுக்கு அரிசியும் மளிகையும் கொடுத்தோம், படம் எடுத்து வாட்ஸப் குழுவில் போட்டோம். ஐவரில் ஒருவர் எங்களுக்குத் துணி தேய்த்துக் கொடுப்பவர். அதற்கு முன்பெல்லாம், “சார், போன வாரக் காசு என்னாச்சு?” என்று வாசலில் நின்று அதட்டுவார். அந்தப் படத்துக்குப் பிறகு என்னைக் கண்டால் சைக்கிளை ஓரங்கட்டி, நான் கடந்து போகும்வரை நிற்பார். ஒரு வருடத்துக்கு மேல் பாக்கியே கேட்கவில்லை. கேட்காமல் விட்டதில் எனக்கு லாபம் நானூறு ரூபாய் இருக்கும். அதைச் சொல்லவே கூசுகிறது.

உங்கள் அக்கா உங்களை அப்படி ஓரமாக நிற்க வைக்கவில்லை. மீந்ததென்று பொய் சொன்னார், நீங்கள் செவுளைப் பார்த்தும் பேசாமல் இருந்தீர்கள். இரண்டு பேரும் சேர்ந்து காப்பாற்றிய பொய் அது. அதைத்தான் அந்த உறையில் போட்டுக் கொண்டுபோய் உடைத்திருக்கிறீர்கள்.

ஊருக்கெல்லாம் ஒரே மனசு இருந்தது என்று நான் எழுதிவிட மாட்டேன். உங்கள் ஊரிலேயே, 2021 அக்டோபரில், கோயில் அன்னதானப் பந்தியிலிருந்து எழுப்பி அனுப்பிவிட்டார்கள் என்று ஒரு நரிக்குறவர் பெண் கைக்குழந்தையோடு நின்று பேசிய காணொளியைத் தமிழ்நாடே பார்த்தது. பிறகு அறநிலையத் துறை அமைச்சர் வந்து அவரோடு பந்தியில் உட்கார்ந்தார், தீபாவளியன்று முதல்வர் அவர்கள் குடியிருக்கும் பூஞ்சேரிக்கே போய்ப் பட்டா கொடுத்தார். அது நடந்தபோது உங்கள் வாசலுக்குத் தட்டு வந்துகொண்டுதான் இருந்திருக்கும். பாசிமணி விற்கிற அவர்களும் உங்களைப் போலப் பயணிகளை நம்பிப் பிழைத்தவர்கள்தான். அவர்கள் வாசலில் யார் தட்டு வைத்தார்கள்?

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தும் நான் கவனிக்காமல் விட்ட ஒரு வரி உண்டு. ‘என் போனில்தான் அவளுக்கு வகுப்பு நடக்கும்.’ தட்டைத் திருப்பி அனுப்பிய கதைக்கு நடுவில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வருடம் எத்தனை பிள்ளைகள் போன் இல்லாமல் படிப்பை விட்டார்கள் தெரியுமல்லவா? தினமும் ஒரு பிள்ளை உங்கள் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலப் பாடம் வந்தால் நீங்கள் சும்மா இருந்திருக்க மாட்டீர்கள், பேசியே பிழைக்கிறவர். 2020 ஏப்ரலில் ஃபிஜியில் பண்டமாற்றுக்கென்று ஒரு முகநூல் குழு தொடங்கினார்கள். சுற்றுலாவை நம்பியிருந்த தேசம், வேலை போனவர்கள் ஏராளம். சில மாதங்களில் ஒரு லட்சம் பேருக்கு மேல் அதில் சேர்ந்துவிட்டார்கள். பன்றிக்குட்டி கொடுத்துத் துடுப்புப்படகு வாங்கினார்களாம். உங்கள் தெருவில் முகநூல் இல்லாமலே அது நடந்திருக்கிறது. நீங்கள் போட்ட கணக்கில் மீன் மட்டும் வரவு, போன் எங்குமே இல்லை. அக்காவின் கணக்கில் போன் இருந்திருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

அதற்காக உங்களுக்குக் கடனே இல்லை என்று சொல்ல வரவில்லை. இருக்கிறது. மீனுக்குக் காசு கொடுக்கப் போனீர்கள், கொடுக்க வேண்டியது படத்துக்கு. இத்தனை வருடம் அவர் முகத்தைக் காட்டி நீங்கள் சம்பாதித்தீர்கள், அவருக்கு அதில் பங்கில்லை. உறையை நீட்டும்போது, “அக்கா, உன்னைக் காட்டிப் பிழைச்சேன், இது அதுக்கு” என்று சொல்லியிருந்தால், திட்டிக்கொண்டே வாங்கியிருப்பாரோ என்னவோ. அது அன்பளிப்பு இல்லை, கூலி. கூலி வாங்க யாரும் கூசவேண்டியதில்லை. இப்போதும் குழுக்களை அந்தக் கரைக்குக் கூட்டிப் போகிறீர்களா? போவதானால் இனிமேல் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துங்கள், படம் எடுக்கலாமா என்று முதலில் அவரிடம் கேளுங்கள், எடுப்பவர்களிடம் காசு வாங்கி அவர் கையில் கொடுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் கேமராவை உள்ளே வைக்கச் சொல்லிப் பிரெஞ்சில் அதட்டுங்கள்.

நீங்கள் ஆயிரம் முறை விளக்கிய கிருஷ்ண மண்டபத்தை நினைத்துக்கொண்டேன். விஜயநகரக் காலத்தில் முன்னால் கட்டிய தூண்களைத் தாண்டி உள்ளே போனால், பாறையில் பல்லவச் சிற்பி செதுக்கிய கோவர்த்தனக் காட்சி. கிருஷ்ணன் கையைத் தூக்கி மலையைத் தாங்கி நிற்கிறான். வெளியே பேய்மழை. ஆனால் உள்ளே ஒருவன் பாட்டுக்குப் பால் கறக்கிறான். பசு கன்றை நக்குகிறது. ஒருத்தி தலையில் பானைகளை அடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். கறக்கிறவன் கண் மடியில் இருக்கிறது, தலைக்குமேல் மலை நிற்பது அவனுக்குத் தெரியுமா என்றே சந்தேகம். சின்ன வயதில் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்தபோது, இவனுக்கு நன்றியே இல்லையே என்று எனக்குக் கோபம்கூட வந்தது. போன முறை வந்தபோது அவன் முன்னால்தான் நெடுநேரம் நின்றேன்.

கடிதத்தில் இன்னொன்றும் விட்டுப்போயிருக்கிறது. இப்போது மீன் யாரிடம் வாங்குகிறீர்கள்? தெருவையே தவிர்க்கிறீர்கள் என்றால் வேறு எங்கோ வாங்குகிறீர்கள் என்றுதான் அர்த்தம். நீங்கள் நீட்டிய உறையைவிட அக்காவுக்கு இதுதான் அதிகம் வலிக்கும். நாளைக் காலையில் பையை எடுத்துக்கொண்டு போங்கள். செவுளைத் தூக்கிப் பார்த்து, இது நேற்றைய மீன் என்று சண்டை போடுங்கள். விலையைக் குறைத்துக் கேளுங்கள். அவர் திட்டுவார். வாங்கிக்கொண்டு வாருங்கள்.

பேத்தி இப்போது பிளஸ் டூவா? என்ன படிக்கப் போகிறாளாம்? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். ஜனவரியில் மாமல்லபுரம் வருகிறேன். ஒரு முழு நாள் உங்களோடு சுற்றவேண்டும். கட்டணம் முழுதாக வாங்கிக்கொள்ளுங்கள், ‘நம்ம சார்’ என்று குறைத்தால் எனக்குக் கோபம் வரும்.

அன்புடன்.