பழைய குண்டுவெடிப்பு விசாரணைகள் பற்றி நாடாளுமன்றத்தில் பிரதமரிடம் கேள்வி கேட்பதால் ஏதாவது நடக்குமா, இல்லை வெறும் சடங்கா?

நடக்கும். ஆனால் கேட்ட அன்றைக்கு நடக்காது. கேட்டவருக்கே அது தெரிந்துதான் இருக்கும்.

எனக்கு ஓரளவு நெருக்கமாகத் தெரிந்த உதாரணம் அயர்லாந்து ஒன்றுதான். டப்ளினுக்கு வேலைக்கு வந்த புதிதில் என் அலுவலகம் டால்பட் தெருவுக்குப் பக்கத்தில் இருந்தது. கானலி ரயில் நிலையத்தில் இறங்கித் தெருவுக்குள் நுழையும் இடத்திலேயே ஒரு நினைவுக்கல், அதில் வரிசையாகப் பெயர்கள். ஏதோ போரில் இறந்தவர்கள் போலிருக்கிறது என்று நினைத்து ஆறேழு மாதம் அதன் பக்கத்தில் நின்று போன் பேசியிருக்கிறேன். என்னோடு வேலை பார்த்த ஒரு அம்மா ஒருநாள், "அது என்னவென்று உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். 1974-ல் அவருக்குப் பத்து வயது. அன்று டப்ளினில் பஸ் ஸ்டிரைக். அப்பா நடந்துதான் வீட்டுக்கு வரவேண்டும். இரவு ஒன்பது மணி வரை அம்மா வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டே நின்றாராம். அப்பா வந்துவிட்டார். பக்கத்துத் தெருவில் ஒருவர் வரவில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1974 மே 17, வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை மணி வாக்கில் டப்ளினில் மூன்று கார் குண்டுகள் அடுத்தடுத்து வெடித்தன. பார்னெல் தெரு, டால்பட் தெரு, சவுத் லென்ஸ்டர் தெரு. சுமார் ஒன்றரை மணி நேரம் கழித்து, வடக்கு எல்லையை ஒட்டியுள்ள மோனகன் ஊரில் நான்காவது. எதற்கும் எச்சரிக்கை கிடையாது. டப்ளினில் 26 பேர், மோனகனில் 7 பேர், ஆக 33 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் ஒரு நிறைமாத கர்ப்பிணியும் உண்டு என்பதால் 34 என்று எண்ணுபவர்களும் இருக்கிறார்கள். காயம்பட்டவர்கள் ஏறத்தாழ 300 பேர். வட அயர்லாந்து பிரிட்டனோடு இருப்பதா, அயர்லாந்தோடு சேர்வதா என்ற சிக்கல் நீடித்த முப்பது வருடங்களில் ஒரே நாளில் இத்தனை பேர் இறந்தது இந்த ஒரு நாளில்தான். டப்ளினில் வெடித்த கார்கள் அன்று காலை பெல்ஃபாஸ்ட்டில் பறிக்கப்பட்டவை. பிரிட்டனோடுதான் இருக்க வேண்டும் என்ற தரப்பின் ஆயுதக் குழுவான யூ.வி.எஃப் 1993-ல்தான், அதுவும் ஒரு தொலைக்காட்சி ஆவணப்படம் கிளப்பிய பரபரப்புக்குப் பிறகுதான், பொறுப்பேற்றது. இன்றுவரை ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

சவுத் லென்ஸ்டர் தெரு எங்கே இருக்கிறது தெரியுமா? நாடாளுமன்றம் இருக்கும் லென்ஸ்டர் ஹவுஸிலிருந்து சில நிமிட நடை. தங்கள் வாசலில் வெடித்த குண்டைப் பற்றி அந்த அவை முறையாக ஒரு விசாரணை வைக்க 25 வருடம் ஆனது. அயர்லாந்து போலீஸின் விசாரணை சில மாதங்களிலேயே அடங்கிப்போயிருந்தது. வெடித்த இடத்தில் எடுத்த தடயங்கள் பெல்ஃபாஸ்ட் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்ததே 11 நாள் கழித்துத்தான்.

சரி, கேள்விக்கு வருகிறேன்.

அயர்லாந்துப் பிரதமரை 'டீஷாக்' என்பார்கள், கீழவையை 'டால்' என்பார்கள். பெர்ட்டி அஹெர்ன் டீஷாக்காக இருந்த காலத்தில் (1997 முதல் 2008 வரை) செவ்வாய், புதன் கிழமைகளில் அவர் நேரில் நின்று பதில் சொல்வார். நம் மக்களவைக் கேள்வி நேரத்தைப் பார்த்துப் பழகிய எனக்கு அதில் முதலில் பட்ட வித்தியாசம், கேள்விகளை மூட்டை கட்டுவது. ஐந்து கட்சிக்காரர்கள் தனித்தனியாக எழுதிக்கொடுத்த கேள்விகளை "இவற்றை ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லி ஒரே பதிலை வாசித்துவிடுவார்கள். பல நாட்களில் டப்ளின், மோனகன் பற்றிய கேள்வி, பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேரைச் சந்தித்தீர்களா, சமாதானப் பேச்சு எந்த அளவில் இருக்கிறது போன்ற கேள்விகளோடு ஒரே மூட்டையில் போய்விடும். பதிலில் அதற்கு ஒரு பத்திதான் மிஞ்சும். அந்தப் பத்தியும் அதிகாரிகள் எழுதிக்கொடுத்தது, பெரும்பாலும் போன தடவை வாசித்ததேதான்.

இங்கேதான் சடங்கு என்ற எண்ணம் வருகிறது. எனக்கும் வந்தது. டாலின் பதிவுகள் 1919 முதல் முழுவதும் இணையத்தில் கிடக்கின்றன. ரயிலில் போகும்போது படிக்க ஆரம்பித்தேன். நாலைந்து கூட்டங்கள் படித்ததும் அலுத்துவிட்டது. விசாரணை நடக்கிறது, அறிக்கை வரட்டும், பிரிட்டிஷ் தரப்பிடம் எழுப்பியிருக்கிறோம். இதே தாளம்.

அப்புறம் ஒருநாள் இரண்டு பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துப் படித்தேன். வாசித்த பத்தி அதேதான். மாற்றமெல்லாம் அதற்குப் பின் வரும் துணைக் கேள்விகளில் இருந்தது. அங்கே காகிதம் கைகொடுக்காது, டீஷாக் வாயைத் திறந்து சொந்தமாக எதையாவது சொல்லியாக வேண்டும். இன்ன தேதிக்குள் வரும் என்று சொன்னீர்களே, ஏன் வரவில்லை? எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்ததா? வந்த பதிலில் ஆவணம் இருந்ததா, இல்லை வெறும் கடிதம்தானா? இப்படிக் கேட்கக் கேட்க ஒவ்வொரு தடவையும் ஒரு சின்ன வாக்குறுதி பதிவில் ஏறிவிடும். அடுத்த முறை கேட்பவர் அதையே எடுத்து நீட்டுவார்.

இதில் விடாக்கண்டனாக இருந்தவர் கீவீன் ஓ கீலான். மோனகன் அடங்கிய தொகுதியின் ஷின் ஃபெயின் உறுப்பினர். அந்தப் பெயரை ஐரிஷ் எழுத்தில் பார்த்துச் சரியாக உச்சரிக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. அதன்பின் என் பெயரில் உள்ள ழகரத்தைக் கொலை செய்பவர்களைத் திருத்துவதை விட்டுவிட்டேன். அவர் கட்சிக்கும், வட அயர்லாந்தை அயர்லாந்தோடு சேர்க்க ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ-வுக்கும் இருந்த உறவை வைத்து, ஐ.ஆர்.ஏ வைத்த குண்டுகளைப் பற்றியும் இதே ஆர்வத்தோடு கேட்பீர்களா என்று எதிர்த்தரப்பு கேட்டால் அது நியாயமான கேள்விதான். ஆனால் அதனால் மோனகன்காரர்களின் கேள்வி பொய்யாகிவிடாது.

நடந்தவற்றை வரிசையாகச் சொன்னால் பலன் புரியும். பாதிக்கப்பட்ட குடும்பங்கள் 1996-ல் ஓர் அமைப்பாகச் சேர்ந்தன. 1999 டிசம்பரில் அஹெர்ன் ஒரு நீதிபதி விசாரணையை அறிவித்தார். முன்னாள் தலைமை நீதிபதி லியம் ஹாமில்டன் தொடங்கினார், உடல்நிலை காரணமாக 2000-ல் விலகினார், நீதிபதி ஹென்றி பேரன் தொடர்ந்தார். அவருடைய அறிக்கை 2003 டிசம்பர் 10 அன்று வெளியானது. இந்த விசாரணைக்கு யாரையும் கட்டாயப்படுத்தி அழைக்கும் சட்ட அதிகாரம் கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும். வந்து பேசியவர்கள் தாங்களாக வந்து பேசியவர்கள்.

அந்த அதிகாரம் இல்லாமலே அறிக்கை கடுமையாகத்தான் இருந்தது. 1974-ல் ஆட்சியில் இருந்த லியம் காஸ்கிரேவின் அரசு இந்த விஷயத்தில் போதிய அக்கறை காட்டவில்லை என்று நேரடியாக எழுதினார் பேரன். அந்த வருடம் செப்டம்பரில் பிரிட்டிஷ் பிரதமர் ஹெரால்ட் வில்சன், குண்டு வைத்தவர்கள் தடுப்புக்காவலில் இருக்கிறார்கள் என்று ஐரிஷ் தலைவர்களிடம் சொல்லியிருக்கிறார். யார் அவர்கள் என்று டப்ளின் பிடித்துக் கேட்கவில்லை. நீதித்துறை அமைச்சகத்தில் கோப்புகள் காணோம். பிரிட்டிஷ் படையினரில் சிலருக்குத் தொடர்பு இருந்திருக்கலாம், ஆனால் மேலிடம் வரை சதி என்பதற்கு நிரூபணம் இல்லை என்பது அவர் வந்து நின்ற இடம்.

பிறகு நாடாளுமன்றக் குழு பொது விசாரணை நடத்தி, 2004 மார்ச்சில் அறிக்கை கொடுத்தது. அதற்கும் கை கட்டப்பட்டிருந்தது. தனிநபர்கள்மேல் குற்றம் சொல்ல நாடாளுமன்றக் குழுக்களுக்கு அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-ல் வேறொரு வழக்கில் சொல்லியிருந்தது. எனவே பரிந்துரைதான் முடியும். அந்தப் பரிந்துரையில் ஒரு பகுதி நிறைவேறியது: புதிதாக வந்த விசாரணை ஆணையச் சட்டத்தின் கீழ் 2005-ல் மூத்த வழக்கறிஞர் பாட்ரிக் மெக்கென்டீ நியமிக்கப்பட்டார். போலீஸ் விசாரணை ஏன் சுருட்டப்பட்டது, கோப்புகள் எங்கே போயின என்று பார்ப்பது அவர் வேலை. நீட்டிப்புமேல் நீட்டிப்பு வாங்கி 2007-ல் முடிந்தது. ஒவ்வொரு நீட்டிப்புக்கும் அவையில் டீஷாக் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. அது யாரும் கேட்காமல் விட்டிருந்தால் சத்தமில்லாமல் போயிருக்கும் என்பது என் கணிப்பு.

இதே பேரன், 1972, 73-ல் டப்ளினில் வெடித்த குண்டுகளைப் பற்றியும் தனி அறிக்கை கொடுத்தார். அதில் ஒரு நாள் என்னை விடாமல் தொந்தரவு செய்கிறது. 1972 டிசம்பர் 1. ஐ.ஆர்.ஏ-வை ஒடுக்கும் சட்டத் திருத்தத்தின்மேல் டாலில் விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. எதிர்க்கட்சியான ஃபினகேல் எதிர்த்து ஓட்டுப்போடும் நிலையில் இருக்கிறது. இரவு எட்டு மணி வாக்கில் நகரத்தில் இரண்டு குண்டுகள். பஸ் நிறுவன ஊழியர்கள் இரண்டு பேர் இறந்தார்கள். ஃபினகேல் நிலையை மாற்றிக்கொண்டு ஓட்டெடுப்பிலிருந்து ஒதுங்கியது, சட்டம் நிறைவேறியது. ஒரு அவையின் ஓட்டையே திருப்பிய குண்டு அது. அதைப் பற்றி முப்பது வருடம் கழித்து அதே அவையில் பிரதமர் பதில் சொல்ல எழுந்திருக்கிறார் என்று யோசித்துப் பாருங்கள்.

நடக்காதது எது என்றும் சொல்ல வேண்டும். பிரிட்டனிடம் உள்ள காகிதம். தொடர்புடையதாக இருக்கக்கூடிய கோப்புகள் மட்டும் 68,000 என்று பிரிட்டிஷ் தரப்பே பேரனிடம் சொன்னது. கைக்கு வந்தது சில பக்கக் கடிதம், மூல ஆவணம் எதுவும் இல்லை. சுதந்திரமான சர்வதேச நீதிபதி ஒருவருக்கு அந்த ஆவணங்களைக் காட்டுங்கள் என்று டால் ஒருமனதாக 2008, 2011, 2016 ஆகிய வருடங்களில் தீர்மானம் போட்டது. அஹெர்னுக்குப் பின் வந்த டீஷாக்குகளும் லண்டனில் எழுப்பினோம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இதில் பிரதமரைக் குறை சொல்வதில் எனக்கு அவ்வளவு உடன்பாடில்லை. பக்கத்து நாட்டு அலமாரியின் சாவி அவரிடம் கிடையாது. ஆனால் தன் சொந்த அமைச்சகத்தில் தொலைந்த கோப்புக்கு அந்தச் சாக்கு செல்லாது. துணைக் கேள்விகள் அந்த இரண்டையும் பிரித்துக் கேட்கும்போதுதான் பதில் தடுமாறும்.

நீங்கள் படிக்க நினைத்தால் 2003-ன் இரண்டாம் பாதியிலிருந்து 2004 கோடை வரையுள்ள செவ்வாய், புதன் கிழமைகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வாசிக்கும் பதிலைத் தாண்டிவிட்டுத் துணைக் கேள்விகளுக்குப் போங்கள். டீஷாக் பெயரில் தேடினால் ஆயிரக்கணக்கில் கொட்டும், ஓ கீலான் பெயரில் தேடுவது சுலபம். அதன் ஐரிஷ் எழுத்துகளை மட்டும் எங்கிருந்தாவது எடுத்து ஒட்டிக்கொள்ளுங்கள். இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்குத் தப்பில்லாமல் தட்டச்சு செய்ய வரவில்லை.