கினிப் பன்றிகளை முற்றத்தில் விடுமுன்

தங்கச்சி, அறைக்குள்ளேயே வளர்ந்த உங்கள் இரண்டு கினிப் பன்றிகளையும் நானுஓயா வீட்டு முற்றத்தில் விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். விடலாம், ஆனால் காலையில் வேண்டாம். பனியில் நனைந்த புல்லும் 15 பாகைக்குக் குறைந்த குளிரும் அவற்றுக்கு ஆகாது. 10 மணிக்குப் பிறகு, புல்லைத் தடவினால் கையில் ஈரம் ஒட்டாத நேரமாகப் பாருங்கள்.

முதல் நாள் 15 நிமிடம் போதும். பச்சைப் புல்லுக்குப் பழகாத வயிறு. காய்ந்த புல்லை வயிறு நிறையக் கொடுத்துவிட்டு விடுங்கள், பிறகு மெல்ல மெல்ல நேரத்தைக் கூட்டலாம். வயிற்றோட்டம் கண்டால் அன்றே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

எனக்குப் பெரிய பயம் நீங்கள் சொன்ன உருளைக்கிழங்குப் பாத்திதான். அதன் இலை நஞ்சு, தக்காளி இலையும் அப்படியே. வேலியோரத்தில் ஊமத்தை இருந்தால் அந்தப் பக்கமே வேண்டாம். பக்கத்துத் தோட்டத்தில் மருந்தடிக்கும் நாளில் வெளியே விடாதீர்கள்.

மேலேயும் கம்பி வலை போட்ட கூடு கட்டாயம். காகம், பருந்து, பூனை எல்லாம் இருக்கிற இடம். உள்ளே ஒளிந்துகொள்ள ஒரு மரப்பெட்டி, தண்ணீர், நிழல். நீங்களும் பக்கத்திலேயே இருங்கள். திரும்ப எடுத்ததும் கால் விரல்களுக்கிடையில் அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அடிவயிறு ஈரமாக இருந்தால் துணியால் துடைத்து உலர்த்துங்கள்.