வாசகர் கேள்வி-பதில்: மவுஸைத் தள்ளி வையுங்கள்

கேள்வி: எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். இரண்டையும் ஆறு மாதமாகக் கற்று வருகிறேன். பார்வைக்கு அழகான பக்கங்களை அமைக்க முடிகிறது. பார்வையற்றவர்கள் உட்பட எல்லோரும் சிரமமின்றிப் பயன்படுத்தும்படி இணையதளத்தை வடிவமைக்க எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: நீங்கள் கடைசியாக அமைத்த பக்கத்திலிருந்தே தொடங்கலாம். மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு, கீபோர்டை மட்டும் கொண்டு, டேப் விசையால் நகர்ந்து, அதிலுள்ள படிவத்தை நிரப்பி அனுப்பிப் பாருங்கள். இப்போது எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதே தெரியவில்லையென்றால், அதைச் சுட்டும் கோட்டை அழகுக்காக நீங்களே சி.எஸ்.எஸ்.ஸில் நீக்கியிருக்கக்கூடும். டேப் விசை ஒரு பட்டனில் நிற்காமல் தாண்டிப் போனால், அது பெரும்பாலும் உண்மையான பட்டனாக இராது. டிவ் என்னும் வெறும் பெட்டி ஒன்றுக்கு வண்ணம் தீட்டி பட்டன் போலக் காட்டியிருப்பீர்கள். எச்.டி.எம்.எல். தரும் பட்டனையே பயன்படுத்தினால் கீபோர்டு வசதியும் உடன் கிடைக்கிறது. கை நடுக்கத்தால் மவுஸைப் பிடிக்க இயலாதவருக்கு அந்தப் பட்டன்தான் வாசல்.

அடுத்து, விண்டோஸில் இலவசமாகக் கிடைக்கும் என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பானை (திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் மென்பொருளை) நிறுவி, திரையை அணைத்துவிட்டுக் கேளுங்கள். படிவத்தில் நிரப்ப வேண்டிய பெட்டிக்கு மேலே "பெயர்" என்று எழுதியிருந்தும், அந்தச் சொல்லை எச்.டி.எம்.எல்.லின் லேபிள் மூலம் பெட்டியுடன் இணைக்காமல் விட்டிருந்தால், பெட்டிக்குள் சென்றதும் "எடிட், பிளாங்க்" என்ற குரல் மட்டுமே கேட்கும். அங்கே பெயரை எழுதுவதா, தொலைபேசி எண்ணை எழுதுவதா என்று கேட்பவர் எப்படி அறிவார்? இணைத்துவிட்டால், அந்தச் சொல்லைத் தொட்டாலே கர்சர் பெட்டிக்குள் செல்லும் என்பதால், சிறிய பெட்டியைக் குறிபார்த்துத் தொட முடியாதவருக்கும் அது உதவுகிறது.

நிறத்தில் கண்ணை நம்பாமல் அளந்து பாருங்கள். உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் அணுகல் நெறிமுறைகள், வழக்கமான அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 என்ற ஒளிர்வு வேறுபாட்டை ஏ.ஏ. என்னும் நடு நிலையில் கேட்கின்றன. வெள்ளைப் பின்னணியில் #777777 என்ற சாம்பல் நிறம் ஏறத்தாழ 4.48 பெற்றுத் தவறிவிடுகிறது, #767676 தேறிவிடுகிறது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணால் காண்பது அரிது. 1999இல் முதன்முதலாக வெளிவந்த இந்நெறிமுறைகளின் 2.2ஆம் பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. அதை முதல் நாளே மனப்பாடம் செய்ய முயல வேண்டாம். மேற்சொன்ன சோதனைகளில் தடுக்கி விழுந்தபின் படித்தால், ஒவ்வொரு விதியும் ஏன் இருக்கிறது என்பது தானாகப் புரியும்.

கேள்வி: தானியங்கிச் சோதனைக் கருவி என் பக்கத்தில் பிழையே இல்லை என்கிறது. அது போதாதா?

பதில்: போதாது. படத்துக்கு, அதைக் காண இயலாதவருக்காக விவரிக்கும் மாற்று உரை இருக்கிறதா என்பதைக் கருவி சொல்லிவிடும். "படம்1" என்று எழுதியிருப்பது யாருக்கும் பயன்படாது என்பதை அது பெரும்பாலும் கண்டுகொள்ளாது. பார்வையற்ற நண்பர் ஒருவர் நான் வடிவமைத்த பக்கத்தில், இணைப்புகளை மட்டும் பட்டியலாகக் கேட்டபோது, "மேலும் படிக்க" என்பதே ஒன்பது முறை ஒலித்தது. எதைப் பற்றி மேலும் படிப்பது என்று அவர் கேட்ட பிறகுதான், ஒவ்வோர் இணைப்பிலும் கட்டுரையின் தலைப்பையே எழுதினேன். ஆகவே, நான்கைந்து பேரிடம், அவர்களுள் ஒருவரேனும் திரைவாசிப்பானை அன்றாடம் பயன்படுத்துபவராக இருக்கும்படி பார்த்துக்கொண்டு, ஒரு வேலையைக் கொடுத்து, வழி சொல்லாமல் அருகில் அமர்ந்திருங்கள். அவர்கள் தயங்கி நிற்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு, அவற்றை முதலில் திருத்துங்கள்.