சி++ ரெஃபரன்ஸ், டெம்பரரி, காப்பி: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ஒரு ஃபங்ஷன் ஸ்ட்ரிங்கை வேல்யூவா ரிட்டர்ன் பண்ணுது. கான்ஸ்ட் ரெஃபரன்ஸ்ல பிடிச்சா சரியா ஓடுது. ஸ்ட்ரிங்_வியூல பிடிச்சா சில சமயம் குப்பை வருது. ஏன்?

பதில்: ஃபங்ஷன் வேல்யூவாகத் தரும் ஸ்ட்ரிங் ஒரு டெம்பரரி, அதாவது பெயரில்லாத தற்காலிக ஆப்ஜெக்ட். அதன் ஆயுள் அது பிறந்த முழு எக்ஸ்பிரஷன் முடியும்வரைதான், பெரும்பாலும் அந்த வரியின் அரைப்புள்ளி வரை. கான்ஸ்ட் ரெஃபரன்ஸை நேரடியாக அதோடு கட்டினால், அந்த ரெஃபரன்ஸ் இருக்கும்வரை ஆயுள் நீளும். ஸ்ட்ரிங்_வியூ ரெஃபரன்ஸ் அல்ல. ஒரு பாயின்டரும் ஒரு நீளமும் மட்டுமே உள்ள ஆப்ஜெக்ட் அது. அதற்கு இந்தச் சலுகை கிடையாது.

நடுவில் ஒரு ஃபங்ஷன் புகுந்தாலும் சலுகை போய்விடும். மேக்ஸ்(அ + 1, ஆ + 1) தருவதை கான்ஸ்ட் இன்ட் ரெஃபரன்ஸில் பிடித்துப் பாருங்கள். மேக்ஸ் திருப்பித் தருவது ரெஃபரன்ஸ். அது சுட்டும் டெம்பரரி அரைப்புள்ளியிலேயே அழிந்துவிடும்.

"சில சமயம்" எப்படி வருகிறது? 64 பிட் ஜிசிசி கம்பைலரின் ஸ்ட்ரிங் 15 பைட் வரை தன் உடலுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். அதைத் தாண்டினால் ஹீப், அதாவது ஓடும்போது கேட்டு வாங்கும் தனி நினைவக இடம். 'தமிழ்' என்ற சொல் யுடிஎஃப்-8இல் சரியாக 15 பைட், உள்ளேயே அடங்கிவிடும். 'தமிழன்' 18 பைட், ஹீப்புக்குப் போகும். ஸ்டாக்கில் (லோக்கல் மாறிகள் இருக்கும் நினைவகம்) செத்த இடமும் ஹீப்பில் விடுவித்த இடமும் ஒரே நேரத்தில் மேலெழுதப்படுவதில்லை. ஓடுகிறது என்பதால் கோடு சரி என்று ஆகாது. நினைவகப் பிழைகளைக் காட்டும் -எஃப்சானிடைஸ்=அட்ரஸ் என்ற கம்பைலர் ஆப்ஷனைப் போட்டு கம்பைல் செய்து ஓட்டுங்கள்.

கேள்வி: லோக்கல் வெக்டரை ரிட்டர்ன் பண்ணும்போது மூவ் போட்டா வேகமா?

பதில்: போடாதீர்கள். (மூவ் என்றால் காப்பி எடுக்காமல் உள்ளடக்கத்தைக் கைமாற்ற அனுமதிப்பது.) வெறும் பெயரை ரிட்டர்ன் செய்தால், கம்பைலர் அந்த ஆப்ஜெக்டை அழைத்தவரின் இடத்திலேயே கட்டிவிட முடியும்; காப்பியும் இல்லை, மூவும் இல்லை. மூவ் போட்டால் அந்த வாய்ப்பை நீங்களே அடைக்கிறீர்கள். கம்பைலர் அப்படிக் கட்டாவிட்டாலும் சி++11 முதல் தானாகவே மூவ்தான் நடக்கும். அழைத்தவரின் இடத்திலேயே கட்டுவதாக சி++17 உறுதி தருவது பெயரில்லாத டெம்பரரிக்கு மட்டும்.

கேள்வி: மேப்பை கான்ஸ்ட் ரெஃபரன்ஸ் போட்டுத்தான் சுற்றுகிறேன், பேர்<ஸ்ட்ரிங், இன்ட்> என்று. ப்ரொஃபைலரில் காப்பி தெரிகிறது.

பதில்: மேப்பின் எலிமென்ட் பேர்<கான்ஸ்ட் ஸ்ட்ரிங், இன்ட்>. உங்கள் டைப் வேறு. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் மாற்று டெம்பரரி ஒன்றைச் செய்து, அதோடு உங்கள் கான்ஸ்ட் ரெஃபரன்ஸைக் கட்டுகிறது கம்பைலர். கான்ஸ்ட் ஆட்டோ& போடுங்கள்; சரியான டைப்பைக் கம்பைலரே எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: ரிட்டர்ன்ல மூவ் போடலாமா சார்?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். கூடாது.

கேள்வி: செட்டருக்கு (மெம்பரின் மதிப்பை மாத்துற ஃபங்ஷன்) ஸ்ட்ரிங்கை வேல்யூவா வாங்கி மூவ் பண்றதுதான் நவீன முறைன்னு சொல்றாங்களே?

பதில்: கன்ஸ்ட்ரக்டருக்குச் சரி. பெயருள்ள ஸ்ட்ரிங் வந்தால் ஒரு காப்பி, ஒரு மூவ். டெம்பரரி வந்தால் மூவ் மட்டும். செட்டர் கதை வேறு. மெம்பரிடம் ஏற்கெனவே 200 பைட் இடம் இருந்தால், கான்ஸ்ட் ரெஃபரன்ஸிலிருந்து அசைன் செய்யும்போது அந்த இடமே போதும். வேல்யூவாக வாங்கினால் நீளமான ஸ்ட்ரிங்குக்குப் புதிதாக ஹீப்பில் இடம் பிடித்து, பழையதை விடுவிப்பீர்கள், ஒவ்வொரு அழைப்பிலும்.

கேள்வி (அதே நபர்): ஒத்துக்க மாட்டேன். டெம்பரரியைக் கொடுத்தா கான்ஸ்ட் ரெஃபரன்ஸ் வீணா ஒரு காப்பி எடுக்குமே!

பதில்: எடுக்கும், உண்மை. அதற்கு கான்ஸ்ட்& ஒன்று, டெம்பரரியைப் பிடிக்கும் && ஒன்று என்று ஒரே பெயரில் இரண்டு ஃபங்ஷன் (ஓவர்லோட்) எழுதுங்கள். பாராமீட்டர் மூன்றானால் எட்டு எழுத வேண்டும்; அங்கே உங்கள் முறை நியாயம்தான். ஆனால் மூவ் மலிவு என்பதையே அடித்தளமாக வைத்து வாதாடுகிறீர்கள். 1000 டபிள் கொண்ட அரேயை மூவ் செய்தாலும் 8000 பைட் நகல் ஆகும். கான்ஸ்ட் ஆப்ஜெக்டுக்கு மூவ் போட்டால் சத்தமில்லாமல் காப்பிதான் நடக்கும். மூவ் என்பது வெறும் காஸ்ட், அதாவது டைப் மாற்றம்; அது தானாக எதையும் நகர்த்தாது.

கேள்வி: மூவ் கன்ஸ்ட்ரக்டர் எழுதியும் வெக்டர் வளரும்போது காப்பிதான் ஆகுது.

பதில்: எக்ஸெப்ஷன் வராது என்று உறுதி தரும் நோஎக்ஸெப்ட் விட்டுப்போயிருக்கும். பாதியில் எக்ஸெப்ஷன் வந்தால் பழைய நிலைக்குத் திரும்ப முடியாதே என்று வெக்டர் காப்பியைத் தேர்ந்தெடுக்கும்.

கேள்வி: ரஸ்ட் மொழியில் இது எப்படி?

பதில்: ரஸ்ட்டில் வேலை செய்பவரிடம் கேளுங்கள்.

கேள்வி: வெக்டரின் முதல் எலிமென்டுக்கு ரெஃபரன்ஸ் வைத்து, புஷ்_பேக் (கடைசியில் ஒன்று சேர்ப்பது) செய்தபின் படிக்கிறேன். ஓடுது, பரவாயில்லையா?

பதில்: இடம் தீர்ந்து வெக்டர் வேறிடத்துக்கு மாறிய கணமே அந்த ரெஃபரன்ஸ் செல்லாது. இண்டெக்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். ஓடுகிறது என்பதை இங்கேயும் நம்பாதீர்கள்: -எஃப்சானிடைஸ்=அட்ரஸ்.